நடுவில் ரம்லத்

— முதல்ல அந்தச் சேலைய மாத்துங்க மாமி. முழங்கால் வரைக்கும் சேறு. எங்க போய் விழுந்தீங்க?

— விழலடி ஹிஸானா, நடந்தேன். கலூர் பஸ்ல கண்டக்டர் என்னைப் பார்த்துட்டு, சீட்ல உக்காராதீங்க உம்மான்னு கும்பிடாத குறையா சொன்னான். கம்பியப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். சேலை காயட்டும். ஒரு சாயா குடு, தூள் கூடப் போட்டுக் கடுப்பமா.

— நேத்துக் காலையிலிருந்து சஃப்வானிக்காவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். சுவிட்ச் ஆஃப். உங்க போனும் அப்படித்தான், மாமா போனும் அப்படித்தான்.

— உன் மாப்பிள்ளை போனு, எங்க போனு, மூணும் படகுக்காரன் பிச்சைகிட்ட இருக்கு. உன் மாமாவோட சட்டம். காட்டுத் தீவுல தங்கப் போறவனுக்கு எதுக்குடி போன், அப்படின்னு எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டுக் குடுத்துட்டாங்க.

— முடிச்சா? இக்கா ஒண்ணும் சொல்லலையா?

— வாயால ஒண்ணும் சொல்லல. அந்த முடிச்சையே பார்த்துக்கிட்டிருந்தான், படகு கிளம்பற வரைக்கும்.

— மாமாவும் இக்காவும் பேசிக்காம இருக்கிறதெல்லாம் என்னாலதான் மாமி. எனக்கு இங்க ஆஸ்பத்திரி லேப்ல வேலை கிடைக்கலன்னா மட்டாஞ்சேரிய விட்டு நாங்க வந்திருக்கவே மாட்டோம்.

— வெறுதே பழிய உன் மேல போட்டுக்காத. நீங்க தனியா வந்ததுக்கு உன் மாமா கோவிக்கவே இல்ல, கேட்டியா. டெம்போ பிடிச்சுக் குடுத்ததே அவங்கதான். கோவம் டெம்போல ஏத்தின அந்த ஃபிரிட்ஜ்ல வந்தது. முப்பது வருஷமா கொச்சங்காடியில கயிறு விக்கிற மனுஷன், ஃபரீது கடைக் கயிறுன்னா ஹார்பர் வரைக்கும் தெரியும். அவங்க தன் கையால ஃபிரிட்ஜக் கயிறு போட்டுக் கட்டுறாங்க. லோடு ஏத்துற ஆளு நாலு பேரு நிக்கிறாங்க. உன் மாப்பிள்ளை போய் அதை அவிழ்த்து வேற மாதிரி கட்டுறான்.

— மாமா கட்டினது லூசா இருந்துச்சுன்னு இக்கா சொல்றாங்க.

— லூசாத்தான் இருந்துச்சு. அது வேற விஷயம்.

— ரெண்டு பேரும் பேசி ரெண்டு மாசம் ஆச்சு மாமி.

— அதை என்கிட்ட சொல்றியா? அன்னையிலிருந்து ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் போனு. அவனுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேளு ரம்லத்து. அத்தா மாத்திரை போட்டாங்களான்னு கேளுங்கம்மா. கேட்டுக் கேட்டு என் தொண்டைதான் வத்திப் போச்சு. அப்புறம்தான் தோணிச்சு, நாலு பக்கமும் தண்ணியா இருக்கிற ஒரு இடத்துல ரெண்டு பேரையும் கொண்டு போய் இறக்கிட்டா, எங்க எழுந்து போவாங்க?

— நீங்களா? மாமாதான் கூப்பிட்டாங்கன்னு இக்கா என்கிட்ட சொன்னாங்களே. அத்தாவே கூப்பிட்டாங்கடின்னு சொல்லி அன்னைக்கு ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாங்க.

— உன் மாமாகிட்ட சஃப்வான் கூப்பிட்டான்னு சொன்னேன். அவங்க போய்ப் புதுசா ஒரு தொப்பி வாங்கினாங்க. அங்கதான் எனக்குப் பிழையாப் போச்சு. கூப்பிட்டவன்தானே முதல்ல பேசணும்? கூப்பிட்டவன் பேசட்டும்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டே இருக்காங்க.

— தீவு எப்படி, மாமி?

— தண்ணியில வேர் விட்ட கண்டல் மரம், கொக்கு, கொசு. அவ்வளவுதான். மனுஷன் கால் பட்டிருக்காதுன்னு உன் மாமா சொன்னாங்க. என்கிட்டதான் சொன்னாங்க, அவன் காதுல விழற மாதிரி. சரி, கூடாரம் போடணும்ல? அதுக்குக் கயிறு கட்டணும். கயிறக் கண்டதும் ரெண்டு பேரும் ஓரடி பின்னால போறாங்க. நீ கட்டு ரம்லத்துன்னு அவங்க. நீங்க கட்டுங்கம்மான்னு இவன். நான் கட்டினேன்.

— நின்னுச்சா?

— ராத்திரி பாதியில தலை மேல விழுந்துச்சு. எழுந்து சரி பண்ண ஆளில்ல. மூணு பேரும் அந்தத் துணிக்கு அடியிலேயே கிடந்தோம், மீன் கூடையில கிடக்கிற மாதிரி. அந்த இருட்டுல உன் மாமா சொல்றாங்க, ரம்லத்து, அவன் காலு வெளியில கிடக்கு, பனி பிடிக்கும், உள்ள இழுத்துக்கச் சொல்லு. நான் சொன்னேன். எனக்கே கேக்குதும்மான்னான்.

— இழுத்துக்கிட்டாங்களா?

— இழுத்துக்கிட்டான். ஏன் சிரிக்கிற? எனக்கு அழுகையா வந்துச்சு.

— இல்ல மாமி, சிரிக்கல. மீனாவது கிடைச்சுதா?

— கேளு. விடிஞ்சதும் தூண்டிலப் போட்டு உக்காந்தாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பாய் விரிக்கிற இடம்தான். ரம்லத்து, உன் மகன்கிட்ட இரைய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு. அம்மா, அத்தா தூண்டில் இந்தப் பக்கம் வருது. நான் இறால் டப்பாவத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறேன். அப்ப உன் மாமா தூண்டில் வளைஞ்சுச்சு. அதே நேரத்துல இவன் தூண்டிலும். ரெண்டும் வில்லு மாதிரி.

— ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மீனா?

— அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. உன் மாமா குதிகால மண்ணுல ஊனிக்கிட்டு இழுக்கிறாங்க. அவங்க இழுத்தா இவன் ரெண்டடி முன்னால போறான். இவன் இழுத்தா அவங்க போறாங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு, கேட்டியா. தண்ணிக்குள்ள ஒருத்தன் கொக்கி இன்னொருத்தன் தூண்டில் நரம்புல மாட்டிக்கிட்டிருக்கு. மீனே இல்ல. கால் மணி நேரம் அப்பாவும் மகனும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க.

— அவங்களுக்குத் தெரியலையா மாமி?

— தெரியாம இருக்குமா? நரம்பு ரெண்டும் பின்னிக்கிட்டு மேல வந்துச்சே. பார்த்துட்டாங்க, ரெண்டு பேரும் நல்லாவே பார்த்துட்டாங்க. ஒருத்தர் ஒரு தடவை சிரிச்சிருந்தாப் போதும். உன் மாமா கத்தியெடுத்து அறுத்தாங்க. பெரிய கரிமீன், தப்பிச்சுருச்சு ரம்லத்துன்னாங்க. எனக்கும்மான்னான் இவன். பிறகு அவங்க மேற்குக் கரைக்குப் போயிட்டாங்க, இவன் கிழக்குக் கரைக்கு. நடுவுல கண்டல் காடு. இவனுக்கு அவங்க தெரியாது, அவங்களுக்கு இவன் தெரியாது.

— அப்போ இக்கா அந்த விஷயத்தை மாமாகிட்ட சொல்லவே இல்லையா?

— எங்க சொன்னான்? வயித்துல மூணு மாசம். என்கிட்டகூட மூச்சு விடல நீ.

— இக்காதான் மாமி, யார்கிட்டயும் சொல்லாத, அத்தாகிட்ட முதல்ல நானே என் வாயால சொல்லணும்னாங்க. தீவுல வச்சுச் சொல்றேன்னு போனாங்க.

— கிழக்குக் கரையில என்னைப் பிடிச்சு உக்கார வச்சு, அம்மா, ஹிஸானாவுக்கு இப்படி, அத்தாகிட்ட நீங்க போய்ச் சொல்லிடுங்கன்னான். எனக்கு உன்னைக் கட்டிப் பிடிக்கணும்போல இருந்துச்சு, அவனை ஒண்ணு அறையணும்போலவும் இருந்துச்சு. இறாலக் கொண்டு போன்னா கொண்டு போறேன்டா, மாத்திரையக் கேளுன்னா கேக்கிறேன்டா, இதை நான் சொமக்க மாட்டேன், எழுந்து நட, நூறு அடிதான்னேன். அத்தா முதல்ல பேசட்டும்னான்.

— மாமாகிட்ட போய் நீங்க ஒண்ணும் சொல்லலையா?

— போனேன். உங்க மகன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம், எழுந்து வாங்கன்னேன். சொல்றவன் இங்க வரட்டும்னாங்க. தொப்பிய இறக்கி மூஞ்ச மூடிக்கிட்டாங்க. நான் திரும்பி நடந்தேன். நடுவுல, காட்டுக்குள்ள, ரெண்டு பேருக்கும் தெரியாத இடத்துல போய் ஒரு வேர் மேல உக்காந்தேன். அப்பதான் ஒருத்தி தண்ணி மேல நடந்து வந்தா.

— தண்ணி மேலயா?

— எனக்கும் பக்குன்னு ஆச்சு. பார்த்தா முழங்கால் அளவுதான் தண்ணி. இடுப்புல கூடை, கக்காச் சிப்பி பொறுக்க வந்தவ. பாண்டிச்செல்வின்னு பேரு, நம்ம தமிழ்தான், வில்லிங்டன் தீவுப் பக்கம் குடியிருக்கா. பிச்சை எங்கள முக்கால் மணி நேரம் சுத்திக் காட்டிக் கூட்டிட்டுப் போன தீவுக்கு, அவ தண்ணி வத்தும்போது தினம் நடந்தே வருவாளாம். பத்து நிமிஷம்.

— அப்போ நேத்தே நடந்து வந்திருக்கலாமே.

— என்னைப் பார்த்து, அக்கா, மாட்டிக்கிட்டீங்களான்னு கேட்டா. ஆமாடி, ரெண்டு மாசமான்னேன். அவளுக்கு எங்க புரியும். கைய நீட்டினா, பிடிச்சுக்கிட்டேன். கரையேறினதும் பஸ்சு எங்க நிக்கும்னு அவளே காட்டினா. நேரா உன்கிட்ட வந்தேன். கிட்ட வா, வயித்தத் தொட்டுப் பார்க்கிறேன்.

— இருங்க மாமி, இக்கா கீழ நிக்கிறாங்களா? மாமா மேல வர யோசிக்கிறாங்களா? நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்.

— படியிறங்காத, உக்காரு. கீழ யாரும் இல்ல.

— பின்னே எங்க?

— தீவுலதான்.

— தனியாவா? அந்தத் தண்ணி?

— இந்நேரம் ஏறியிருக்கும், இனி நடக்க முடியாது. நீ பயப்படாத. சோறு இருக்கு, குடிக்கிற தண்ணி இருக்கு, பிச்சை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படகோட போவான்.

— நீங்க வந்துட்டீங்கன்னு தெரியாம ரெண்டு பேரும் பதறிப் போயிருப்பாங்களே மாமி.

— எதுக்குப் பதறணும்? அவன்கூட இருக்கேன்னு உன் மாமா நினைச்சுக்கிட்டிருப்பாங்க, அவங்ககூட இருக்கேன்னு இவன் நினைச்சுக்கிட்டிருப்பான். நான் அங்க இல்லன்னு தெரியணும்னா, ரெண்டுல ஒருத்தர் எழுந்து போய் இன்னொருத்தர்கிட்ட வாயத் திறந்து கேக்கணும்ல.