பீரோவுக்கு அந்தப் பக்கம்

"ஹலோ... ஹலோ மேடம், இருக்கீங்களா?... அப்பாடா! பாட்டைப் போட்டுட்டுப் போயிட்டீங்களே, இனிமே வரவே மாட்டீங்களோன்னு நெனச்சேன்... ஆமா, ஆமா. பேரு, வயசு எல்லாம் அப்பவே சொல்லிட்டேன்... ஓட்டல் லாண்டரியில இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப மெஷின் வாங்கிட்டாங்க. மெஷினுக்கு மணிக்கட்டு வீங்காது பாருங்க, அதான் என்னை அனுப்பிட்டாங்க... ஆமா மேடம், வேலை இல்ல. வருமானம் இல்ல. கவர்மெண்ட்ல எனக்கு என்னென்ன உதவி கெடைக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் போன் பண்ணேன்."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் அவள். காலையில் போட்ட போன். காத்திருக்கச் சொல்லி ஓடிய பாட்டிலேயே போனின் பாதி உயிர் போய்விட்டது. எதைக் கேட்டாலும் தனியாக இருக்கிறேன் என்று மட்டும் சொல், வளவளவென்று பேசிக் காரியத்தைக் கெடுக்காதே என்று மகள் நேற்றே ஓதி வைத்திருந்தாள். உதவி கிடைக்காவிட்டால் இந்த வீட்டு வாடகையில் தன் பாதியைக் கொடுக்க அவளுக்கு வழியில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே மாப்பிள்ளையின் சைக்கிளுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே அவளுக்குக் கட்டில் போட இடம் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.

"சொல்லுங்க... தனியாத்தான் இருக்கேன்... ம்?... உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு பேருன்னா காட்டுது?... அது... ஒருத்தர் இருக்காரு. இருந்தா என்ன மேடம், நான் தனியாத்தான் இருக்கேன்."

பீரோவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது.

நீளமான ஒரே அறை. குறுக்கே ஓர் இரும்பு பீரோ. அடுப்பும் சன்னலும் அவளுக்கு. கட்டிலும், ரேடியோவும், அந்த வீட்டிலேயே ஒழுங்காக வேலை செய்கிற ஒரே பிளக்கும் அவருக்கு. பீரோவை ஒட்டினாற்போல ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து, அது மட்டும் இருவருக்கும் பொது. ரேடியோ நின்றதென்றால் காது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

"உறவா?... கட்டிக்கிட்டவர்தான்... ஆமா, புருஷன். ஆனா பேச்சுவார்த்தை கெடையாது மேடம். மக கல்யாணத்துலேர்ந்து ஒரு வார்த்தை கெடையாது... சண்டையா? சண்டை போடறதுக்கும் பேசணும்ல... நடுவுல பீரோ நிக்குது. ஆளனுப்பி வேணும்னாலும் பாத்துக்கோங்க."

"ஏன்னா?... அதைக்கூடவா எழுதணும்?... ஓ, சும்மா கேக்குறீங்களா. சம்பந்தி வீட்டு ஆளுங்க நாலு பேரு முன்னாடி, 'இஸ்திரி போடறவளுக்கு என்ன தெரியும்'னாரு. அவ்வளவுதான். சரி, ஒண்ணும் தெரியாதவகிட்ட எதுக்குப் பேச்சுன்னு நானும் விட்டுட்டேன்... சிரிக்காதீங்க மேடம்."

அந்தப் பக்கம் ஓர் இருமல். தொண்டையில் ஒன்றுமில்லாமல் இருமுகிற இருமல்.

"வாடகை... தனித்தனி. ஆளுக்குப் பாதி... அடுப்பு?... அடுப்பும் தனி. அவருக்கு ஒரு கரண்ட் அடுப்பு இருக்கு."

பொய் இல்லை. இருக்கிறது. அதன் மேல்தான் ரேடியோ உட்கார்ந்திருக்கிறது.

"என்னது?... நாம பேசறதெல்லாம் பதிவாகுதா?... தப்பாச் சொன்னா?... குடுத்ததைத் திருப்பிக் கட்டணுமா... இல்ல, இல்ல. நான் எதுவும் தப்பாச் சொல்லல. நீங்க கேளுங்க."

போனைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"துணியா?... அவர் துணியை யார் துவைக்கிறாங்கன்னா..."

'அவரே' என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தச் சொல். ஆனால் பாதி ஆயுளை வெள்ளைச் சட்டைக் காலர்களோடு கழித்தவள் அவள். வேறு எதில் வேண்டுமானாலும் வரும் போலிருந்த பொய், தொழில் விஷயத்தில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அவரா! அவர் துவைச்சா அழுக்குப் போயிடுமா மேடம்? காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்கணும்னு தெரியுமா அந்த ஆளுக்கு? நான்தான் துவைக்கிறேன். என் துணியோட சேத்து... ஆமா, இஸ்திரியும்தான். இந்தக் கையோடதான்... பின்ன? கசங்கின சட்டையோட தெருவுல போனா பாக்கறவங்க அவரையா சொல்லுவாங்க? என்னைத்தான் சொல்லுவாங்க."

சொன்ன பிறகுதான் மகள் ஞாபகம் வந்தாள்.

"ஹலோ?... ஏன் மேடம் பேசாம இருக்கீங்க?... சேந்து வாழறதா ஆயிடுமா? ஒரு சட்டையைத் துவைச்சதுக்கா?... அவரோட பென்ஷனும் கணக்குல வருமா... அது அவரோடது, என் கண்ணுலகூடக் காட்டினதில்ல... சரி. அப்ப எனக்கு?... ஒண்ணுமே கெடையாதா?"

போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டு, திரையில் சிவப்புக் கோடு காட்டியது.

"மேடம், மேடம், வெச்சிடாதீங்க. சார்ஜ் எறங்கிட்டுது. இப்ப கட்டாயிட்டா மறுபடியும் அந்தப் பாட்டைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல... பிளக் அந்தப் பக்கம் இருக்கு... கேக்க மாட்டேன். அவர் நடக்கப் போனப்புறம் போய்ப் போட்டுப்பேன், எப்பவும் அப்படித்தான்... சரி, கேளுங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு?"

"சாப்பாடு... நான்தான் வெக்கிறேன். சந்து முனையில ஒரு ஸ்டூல் இருக்கு. தட்டை வெச்சுட்டு டங்குன்னு ஒரு தட்டு தட்டுவேன், வந்து எடுத்துப்பாரு... எல்லாத்தையும் பொடிப்பொடியா நறுக்கித்தான் வெப்பேன். ஸ்பூன்லதானே சாப்பிட முடியும்?... கை நடுக்கம் மேடம். ரெண்டு கையும்... டீ அரைக் கப்புதான். முழுசா ஊத்தினா வாய்க்குப் போறதுக்குள்ள சட்டைக்குப் போயிடும், அந்தக் கறையை எடுக்கறது யாரு?... டாக்டர் சீட்டு இருக்கு, எங்கிட்டக் காட்டல. சட்டைப் பையைத் துழாவாம துவைக்க முடியுமா? அப்பப் பாத்தேன்... பட்டனா? பட்டனெல்லாம் போட வராது. அரை மணி நேரம் போராடுவாரு, பீரோ இடுக்குல பாத்திருக்கேன். அதான் பட்டனை எல்லாம் பிரிச்சு, உள்ள பிரஸ் பட்டன் வெச்சுத் தச்சுட்டேன். வெளியில அதே பட்டன்தான் தெரியும், யாருக்கும் தெரியாது... இல்ல, சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அதான் பேச்சு இல்லேங்கறேன்ல!"

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். பீரோவுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"ஒத்தாசையா? அவர் எனக்கா? நல்லாக் கேட்டீங்க. இந்த வீட்டுல ஒரு துரும்பைக்கூட எனக்காக அவர் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம்..."

தரையில் ஏதோ உரசியது. பீரோவின் கால்களுக்கு நடுவே, தூசியைத் தள்ளிக்கொண்டு, சார்ஜர் ஒயர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நின்றது. ஆடியது. பிறகு துடைப்பக் குச்சி ஒன்று அதைப் பின்னாலிருந்து இன்னும் ஒரு முழம் தள்ளிவிட்டது.

"...இல்ல மேடம், இருக்கேன்... ஒண்ணுமில்ல. துரும்புன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், அதை விடுங்க."

குனிந்து ஒயரை எடுத்துப் போனில் செருகினாள். சிவப்பு மறைந்தது.

"என்னது?... வேற உதவியா? எதுக்கு?... பராமரிக்கிறவங்களுக்கா? நான் யாரைப் பராமரிக்கிறேன்?... அட, அதுவா! அதெல்லாம் ஒரு கணக்கா மேடம்?... அதுக்கு மாசாமாசம் தருவாங்களா... பென்ஷன் இருந்தாலும் பரவாயில்லையா? நெசமாவா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!... ஓ, நான்தான் தனியா இருக்கேன்னு சொன்னேன். ஆமா, ஆமா, என் தப்புதான்... எப்ப எழுதலாம்? இப்பவே எழுதுங்க... ம்?"

முகத்தில் ஏறிய வெளிச்சம் அப்படியே இறங்கியது.

"அவர் சொல்லணுமா? அவரே, அவர் வாயாலயா?... 'எனக்கு முடியல, இவதான் பாத்துக்கிறா'ன்னு... நடக்காது மேடம். கை நடுங்குறது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு, நடக்கப் போனாக்கூட ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டுப் போறவர் அவர். உங்ககிட்ட ஒத்துக்குவாரா?... நான் சொன்னாப் போதாதா?... வேற வழியே இல்லையா... நாளைக்குன்னா மறுபடியும் வரிசையில நிக்கணுமா?... ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் இருங்க."

எழுந்தாள். பீரோவைப் பார்த்தாள். அதன் முதுகில் பழைய காலண்டர் கொக்கி துருத்திக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"என்னங்க."

அவள் குரலே அவளுக்குப் புதுசாக இருந்தது.

"...ஐயோ, உங்களை இல்ல மேடம். நீங்க இருங்க." பிறகு பீரோவைப் பார்த்து, "என்னங்க. நானாக் கூப்பிடல. ஆபீஸ்ல கூப்பிடறாங்க."

ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சந்து வழியே நுழைந்தாள். அவர் கட்டில் ஓரத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். மஞ்சள் கோடு போட்ட சட்டை. காலர் கத்தி மாதிரி நின்றது. காலடியில் துடைப்பம் கிடந்தது.

போனை வாங்க அவர் கை நீட்டவில்லை. அவளே அவர் காதில் வைத்துப் பிடித்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதலில் வெறும் 'ம்'தான். போன் பிடித்த அவளது மணிக்கட்டு வலித்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் பேச ஆரம்பித்தார். தாழ்ந்த குரலில், தரையைப் பார்த்து, திருடு கொடுத்தவர் காணாமல்போன சாமான்களைச் சொல்வதைப்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். நறுக்கி வைப்பது. அரைக் கப். பட்டன். எந்தெந்தச் சட்டைக்குப் பட்டன் என்பது உட்பட.

அவள் கை சட்டென்று போனை இழுத்துக்கொண்டது.

"ஹலோ மேடம், நான்தான். எழுதிக்கிட்டீங்களா?... மூணு சட்டை இல்ல, நாலு. நீலச் சட்டையை விட்டுட்டாரு... ஏங்க, நீலச் சட்டைக்குப் பட்டன் வெச்சது யாரு? ஆகாசத்துலேர்ந்து வந்து ஒட்டிக்கிச்சா?... இல்ல மேடம், உங்களைக் கேக்கல... சரி... டாக்டர் சீட்டா? தரேன்... நேர்ல ஆள் வருவாங்களா? வரட்டும்... பீரோவா? அது அங்கயேதான் நிக்கும். ரெண்டு பேரு துணியும் வெக்க வேணும்ல?"

"இன்னும் ஒரு கேள்வியா? கேளுங்க... பயிற்சியா?... நோயாளியைப் பாத்துக்க எனக்கு என்ன தெரியும்னு எழுதணுமா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. தொடைக்கடியிலிருந்த கைகள் வெளியே வந்துவிட்டிருந்தன, ஆடிக்கொண்டிருந்தன, அவர் மறைக்கவில்லை.

"அது எனக்குச் சொல்லத் தெரியாது மேடம். இஸ்திரி போடறவளுக்கு என்ன தெரியும்னு அவர்கிட்டயே கேளுங்க."

மறுபடி போனை அவர் காதில் வைத்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவளுக்கு என்னென்ன தெரியும் என்று சொல்லி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. முடிந்ததும் போனைத் தன் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"கேட்டுதா மேடம்?... ம்... அதையே எழுதிக்கோங்க. வெச்சிடறேன்."