சொல்லாத மன்னிப்பை எழுதாத கரத்திற்கு

சிறைக்குள் இருப்பவருக்கும் சிறைக்கு வெளியே அழுபவருக்கும் ஒருசேரச் செவிசாய்த்த சான்றோரே, நெஞ்சில் ஈரமும் நேர்மையில் உரமும் நிறைந்து, இன்று பணி ஓய்வு பெறும் நன்னடத்தை அலுவலர் ஜெயமணி அம்மையீர்!

குற்றவாளியை மன்னிக்கவும், தண்டனையைக் குறைக்கவும், அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்துக்கு இம்மாவட்டத்தில் கண்ணாகவும் காலாகவும் விளங்கியவர் தாங்கள்! ஒருவரை விடுவிக்கலாமா என விசாரிக்கப் போனால், முதலில் கொலையுண்டவர் வீட்டுக்குச் செல்வீர்கள். அதன் பிறகே சிறைவாசியின் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பீர்கள். சித்திரை வெயிலிலும் தளராத அந்தப் பிடிவாதத்தை, நா வறண்டு ஜீப்பில் கூடவே வந்த நாங்கள் நன்றாகவே அறிவோம்!

சாமல்பட்டி ஆஞ்சப்பன், வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்கார முனிவேலைக் கொன்று ஆயுள் தண்டனை பெற்றவர். மனைவி ரங்கம்மா மூக்கண்டப்பள்ளியில் குடியேறி, கம்பெனியில் ஷிப்டு பார்த்து மகளை வளர்த்தார். ஆஞ்சப்பனின் முன்விடுதலை பரிசீலனைக்கு வந்தபோது, ரங்கம்மாவின் உயிரே தங்கள் அறிக்கையில் ஊசலாடியது. முனிவேலின் தாயார் லட்சுமியம்மாளோ தங்களிடம், "அவன் வெளிய வரட்டும், நான் குறுக்க நிக்கல. ஆனா மன்னிக்க மனசு வரலீங்க. எங்கூர்ல அவன் மொகத்துல நான் முழிக்கக் கூடாது" என்றார்.

அதைக் கேள்விப்பட்ட ரங்கம்மா, விடுதலையே கைநழுவிவிடும் என்று பயந்தார். அலுவலகத்துக்கே ஓடி வந்தார்.

"மன்னிச்சுட்டாங்கன்னு ஒத்த வார்த்த எழுதுங்க மேடம். உங்களுக்கு என்ன போவுது?"

"அந்தம்மா சொல்லாதத நான் எப்படி எழுதறது ரங்கம்மா?"

ரங்கம்மா தங்களைச் சபித்துக்கொண்டேதான் படியிறங்கினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லையே என்று எங்களில் சிலரும் முணுமுணுத்தோம்.

சொன்னது சொன்னபடியே கோப்பு சென்னைக்குச் சென்றது. அமைச்சரவை பரிந்துரைத்தது, ஆளுநர் இசைந்தார். சாமல்பட்டியில் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆஞ்சப்பனின் மிச்சத் தண்டனை தள்ளுபடியானது. அவர் இப்போது மனைவி மகளோடு மூக்கண்டப்பள்ளியில் வாழ்கிறார். லட்சுமியம்மாளும் தம் ஊரில் அச்சமின்றி நடமாடுகிறார். அன்று சபித்த ரங்கம்மா, இன்று இந்த மண்டபத்துக்கு எல்லாருக்கும் முன்பே வந்து அமர்ந்திருக்கிறார்.

அறம் வழுவா அம்மையீர்! ஓய்வுக் காலத்தில் உடல் நலமும் உள்ள நிறைவும் பெற்று, உற்றார் சூழ நெடிது வாழ்க! தாங்கள் காட்டிய வழியில் நடப்போம் என்பதற்கு ஒரே ஒரு சான்று தருகிறோம். இம்மடலை அவையில் வாசிக்கலாமா என்று லட்சுமியம்மாளின் வீடு தேடிப் போய்க் கேட்டோம்.

"தாராளமா படிங்க. படிக்கறப்ப நல்லாருக்கும்னு, கடைசியில நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் சேத்துடாதீங்க" என்றார்.

சேர்க்கவில்லை, அம்மையீர்.

என்றும் தங்கள் அன்பில்,
நன்னடத்தை அலுவலகப் பணியாளர்கள்,
கிருஷ்ணகிரி.