மிதவையைத் தொட்டது யார்

மீட்புப் படகு ஓட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை ஐயா. வார நாட்களில் நான் ஸ்பிளிட் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான். யாருக்கு வலி அதிகம் என்று பார்த்து அவரை முதலில் கவனிக்க வேண்டும். பதினாறு வருடமாக இரண்டையும் செய்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

போன வாரம் உங்கள் துறைமுக அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஓரிடம் சரியில்லை. அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

வெத்ரானை இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே பாய்மரப் படகில் போட்டியிட்டோம். சுக்கான் அவன் கையில். நான் பாய்மரத்துக் கம்பியில் இடுப்புப் பட்டையைக் கொக்கி மாட்டி, படகு சாயாமல் வெளியே தொங்குபவள். எனக்குப் பத்தொன்பது வயது. ஐரோப்பியப் போட்டியின் கடைசிப் பந்தயத்தில், திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் மிதவையை அவன் ரொம்ப ஒட்டித் திருப்பினான். படகு உரசிவிட்டது. உரசினால் அங்கேயே ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் போக வேண்டும், அதுதான் தண்டனை. சுற்று என்றேன்.

"யாரும் பாக்கல. வாயை மூடிக்கிட்டுத் தொங்கு" என்றான்.

பார்த்திருந்தார்கள். அன்று மாலை நடுவர் குழுவின் முன்னால், தனக்கு எதுவும் தெரியாதென்றும், நான்தான் கையால் மிதவையைத் தள்ளிவிட்டு அவனிடம் மறைத்துவிட்டேன் என்றும் சொன்னான். மிகவும் வருத்தப்பட்டுச் சொன்னான். என் முறை வந்தபோது அவர்கள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இரண்டு வருடத் தடை. அவன் வேறு துணையோடு ஒலிம்பிக் வரை போய்வந்தான்.

என் அப்பாவுக்கு மீன் சந்தையில் கடை இருந்தது. வருகிறவர்களை மீனில் கை வைக்காமல் பார்த்து வாங்கச் சொல், உன் மகள் மாதிரி யாராவது தொட்டுவிட்டு மறைத்துவிடப் போகிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பேசினார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் என்னோடு அவர் பேசியது குறைவு. இறக்கும் வரைக்கும் குறைவுதான்.

நான் பழிவாங்க அலைந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவன் எங்கள் பாய்மரப் படகுச் சங்கத்துக்கு வந்தால் வணக்கம் சொல்வேன். அவன் படகைக்கூட இழுத்து வந்து கட்டியிருக்கிறேன்.

இந்த வருடம் உலகப் போட்டி எங்கள் விரிகுடாவுக்கு வந்தது. பதினேழு நாடுகள், எண்பத்து மூன்று படகுகள். வெத்ரான் தன் பத்தொன்பது வயது மகள் நிவெஸைத் துணையாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மூன்றாம் நாள் காலை, கரையில் எல்லோரும் பாய் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் ஓடி வந்தது.

"மிர்னா அத்தை, நீங்களும் அப்பாவோட ஓட்டினீங்களாமே. ஏன் விட்டுட்டீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் வெத்ரான் முந்திக்கொண்டான். "உங்க அத்தைக்குக் கை கொஞ்சம் நீளம்மா. கண்ணுல பட்டதையெல்லாம் தொட்டுப் பாக்கணும் அவளுக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இத்தாலியர்களுக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் கூச்சம் துளியும் இல்லை. தான் சொன்ன பொய்யை அவனே நம்பத் தொடங்கிவிட்டான் என்று அப்போதுதான் புரிந்தது. உண்மை தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம்.

அன்று காற்று ஒரு நிலையில் இல்லை. காலையில் தெற்கிலிருந்து ஈரமாக வீசியது, பகலில் செத்துப்போனது, பிறகு மேற்கிலிருந்து மெல்ல எழுந்தது. அதை நம்பித்தான் பந்தயத்தைத் தொடங்கினார்கள். இரண்டரை மணிக்கு மலையிலிருந்து புரா என்கிற சூறைக்காற்று இறங்கியது. புரா சொல்லிக்கொண்டு வராது. தண்ணீர் வெள்ளையாகப் புகைந்தது. ஐந்து நிமிடத்தில் ஐம்பது படகுகள் கவிழ்ந்து கிடந்தன.

கை ஒடிந்த ஒரு கிரேக்கப் பெண்ணை என் மீட்புப் படகிலிருந்து பெரிய படகில் ஏற்றி, என்னோடு இருந்த உதவியாளையும் அவளுக்குத் துணையாக அனுப்பினேன். அது முறைதான். பிறகு தனியாகத் திரும்பியபோது வெத்ரானின் படகு தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்தேன். நேராக அங்கேதான் போனேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். "நிவெஸ் உள்ள மாட்டிக்கிட்டா. ரெண்டு தடவை முங்கிட்டேன், கொக்கி கழல மாட்டேங்குது. கத்தியைக் குடு" என்றான். பட்டையை அறுக்கும் கத்தி என் சட்டையில் மாட்டியிருந்தது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கவிழ்ந்த படகுக்கு அடியில் கொஞ்சம் காற்று தங்கும். தட்டுகிறாள் என்றால் மூச்சு விடுகிறாள், மூச்சு விடுகிறாள் என்றால் நேரம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் பதற மாட்டார்கள். நான் எஞ்சினை நிறுத்தினேன். சுழலும் விசிறி பக்கத்தில் இருப்பவர்களை வெட்டிவிடும்.

"அன்னைக்கு மிதவையைத் தொட்டது யாரு?" என்று கேட்டேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "நான்தான், நான்தான். கத்தி" என்றான். அந்த அவசரத்தில் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே மறுபடி கேட்டேன், நடுவர்களிடம் என்ன சொன்னாய் என்று.

"படகுதான் உரசுச்சு. உன் மேல பழியைப் போட்டேன். மிர்னா, அவ கொழந்தை."

எனக்கும் அப்போது அதே வயதுதான் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ஆனால் அது பேச்சை வளர்ப்பதாகியிருக்கும்.

பிறகு நானே குதித்துப் பட்டையை அறுத்தேன். நானே அவளை மேலே இழுத்துப் போட்டு, கரை வரும்வரை மூச்சு ஊதினேன். வெத்ரான் என் படகின் மூலையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைத் திட்டவில்லை. மருத்துவர் அவள் முகத்தைத் துணியால் மூடியபோதும் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தான். அந்தப் பெண் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை ஐயா. சவப்பெட்டிக்கு நான் வைத்த மலர்வளையத்தை யாரோ வெளியே எடுத்துப் போட்டார்கள். அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருத்த வேண்டிய இடம் இதுதான். இரண்டு முறை கேட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு முறையும் அவன் பதில் காற்றில் பாதி அடித்துப்போய்விட்டது, தட்டும் சத்தம் வேறு. இருபத்திரண்டு வருடம் காத்திருந்த ஒன்றை அரைகுறையாகக் கேட்டுவிட்டு எப்படிப் போவது? மூன்றாவது முறை அவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. காற்று குறைந்திருக்கவில்லை. உள்ளே தட்டுவது நின்றிருந்தது.