கலைச்செல்வி டீச்சரின் ஏழாவது பாடம்

மேடையில் அமர்ந்திருக்கும் பாடசாலை அதிபர் அவர்களே, அபிவிருத்திச் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையை நடத்தும் கிருஷ்ணகுமார் அவர்களே, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்து நிற்கும் தாய்மாரே, பிள்ளைகளே!

எல்லோரும் கலைச்செல்வி டீச்சரைப் புகழ்ந்தீர்கள். சேவையின் சிகரம் என்றீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது இந்த வாயெல்லாம் எங்கே போயிருந்தது?

நம் பாடசாலைக்குப் பத்துக் கணினிகள் வந்தன. கல்விப் பணிப்பாளர் வரும்போது புதிதாகத் தெரியவேண்டும் என்று இரண்டு வருடம் பிளாஸ்டிக் உறையோடு பூட்டி வைத்தோம். உறையைக் கழற்றியவர் யார்? கலைச்செல்வி டீச்சர்! அப்பிளும் திராட்சையும் காட்டவில்லை அவர். வல்லாரை, முருங்கை, பலாக்கொட்டை என்று நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கிடப்பதைப் படம் பிடித்து, தானே கணினியில் ஆறு சத்துணவுப் பாடங்கள் செய்தார். காலையில் சாப்பிட்டதன் படத்தைப் பிள்ளை சுட்டியால் தொட்டால் திரையில் உள்ள தட்டு நிறையும். வெறும் பிளேன்டீயைத் தொட்டால் நிறையாது. அவ்வளவுதான் பாடம்!

“எம் மவ வல்லாரையப் பறிச்சிட்டு வந்து, சம்பல் போடுன்னு உசுர வாங்குறா, டீச்சர்.” இங்கே நிற்கும் மருதாயி அக்கா அன்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கிருஷ்ணகுமார் அவர்களே, நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் ரோல்ஸும் கலர்ச் சோடாவும் விற்காமல் மிஞ்சின. உடனே டீச்சர்மேல் புகார் சொல்லிப் பெட்டிசம் கிளம்பியது. தோட்டத்து மக்களின் சாப்பாட்டைக் கேவலப்படுத்துகிறாராம்! மின்சாரத்தை வீணாக்குகிறாராம்! தலைவர் கையெழுத்திட்டார். அதிபர் கணினி அறையைப் பூட்டினார்.

அந்தப் பெட்டிசத்தை எழுதியது யார்? நான்தான்! அதிபரைப் பகைக்கப் பயந்து எழுதிக் கொடுத்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

டீச்சர் என் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அஸீஸ் சேர், பெட்டிசம் நல்லா எழுதியிருக்கீங்க. என்னோட ஏழாவது பாடத்துக்கும் நீங்களே எழுதிக் குடுங்களேன். எப்புடியும் ரூமத் தொறப்பாங்க.”

நாளை, நாளை என்று ஒரு வருடம் கடத்தினேன். போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் டீச்சர் போய்விட்டார். அறையை இன்னும் திறக்கவில்லை.

அடுத்தது மௌன அஞ்சலியாம்! ஒரு வருடமாக மௌனமாகத்தானே இருந்தோம்? இன்னும் ஒரு நிமிடம் எதற்கு?

ஏழாவது பாடத்தை எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை முதலாம் பாடவேளையில் ஆறாம் தரத்துக்கு நடத்தப் போகிறேன். அதற்குப் பிறகும் வாராவாரம் நடத்துவேன். என்மேலும் பெட்டிசம் போடுங்கள். எழுத மட்டும் வேறு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

அதிபர் அவர்களே, சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. இத்தனை பேர் பார்க்கக் கொடுங்கள். வாங்காமல் நான் இந்த மைக்கை விடமாட்டேன்.