நாலு மணிக்கு பேட்டரி வரும்

— மணி மூணு இருபது. நாலு மணிக்கு அவர் பேட்டரியோட வந்துருவார்க்கா. அதுக்குள்ள உக்காந்து பாத்துரு. அப்புறம் யாரையும் தொட விடமாட்டார்.

— எப்படிடி ஏறுறது இந்தக் கார்ல? தரையோட தரையா கிடக்கு.

— முதல்ல உக்காரணும். அப்புறம் காலை உள்ள இழுத்துக்கணும்.

— முட்டி வலிக்காரி யாரும் இதை வாங்க மாட்டான்னு தெரியுது.

— மெதுவா... தலை, தலை!

— இடிச்சாச்சு.

— வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?

— என் தலையைக் கேளுடி முதல்ல.

— அது கெட்டி. அம்மாவே சொல்லுவா.

— கதவு என்ன, மேல பறக்குது? நம்ம வீட்டுல நிறுத்தினா மேல இடிக்குமே.

— இடிக்கும். அதான் இந்த ஷெட்டை வாடகைக்குப் பிடிச்சோம்.

— வண்டிக்குத் தனி வீடு. உனக்கு என் மாடி.

— ஆரம்பிச்சுட்டியா?

— சும்மா சொன்னேன்.

— அதுக்குத்தான்க்கா இந்த வண்டியே. சரி பண்ணி வித்துட்டா சொந்தமா ஒரு வீடு. உன் மாடியைக் காலி பண்ணிடுவோம்.

— நான் போகச் சொன்னேனா?

— சொல்லல. நாங்க தண்ணி மோட்டார் போடும்போதெல்லாம் கீழ நின்னு ஒரு பெருமூச்சு விடுவ.

— மோட்டார் சத்தத்துல என் பெருமூச்சு கேட்டுச்சாக்கும்?

— எட்டு வருஷமா கேக்குது.

— ...இது என்ன வாசனை?

— எலுமிச்சை ஸ்ப்ரே. மூணு டப்பா அடிச்சார்.

— எதுக்கு மூணு?

— ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வண்டியில்ல. காத்தே போகல.

— ம்...

— என்னக்கா, நாய் மாதிரி மோந்து பாக்குற?

— எலுமிச்சைக்கு அடியில இன்னொரு வாசனை இருக்கு.

— உனக்கு எதுக்கடியிலயும் ஒண்ணு இருக்கும். நான் ப்ரிட்ஜ் வாங்கினா உறுமுதும்ப. சோபா வாங்கினா மூட்டைப்பூச்சி கலரும்ப.

— மூட்டைப்பூச்சி கலர்தாண்டி அது.

— இவரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். காது பெருசுன்ன.

— பெருசு இல்லையா?

— பெருசுதான். அதை அவர் எதிர்லயே சொல்லணுமா?

— காது கேக்காதுன்னு நினைச்சேனா என்ன? அவ்வளவு பெரிய காது.

— சிரிக்காத. சீட்டு ஆடுது.

— சீட்டு ஏன் ஆடணும்?

— போல்ட்டு லேசா துரு. மாத்திடுவார்.

— கண்ணாடி வச்ச கட்டடத்துக்குள்ள நிக்கிற வண்டி இது. நிழல்லயே பொறந்து நிழல்லயே வளரும். இதுக்கு எங்கேர்ந்துடி துரு வந்துச்சு?

— எனக்கென்ன தெரியும்? நீதானே இன்சூரன்ஸ் ஆபீசுல தினம் நொறுங்கின வண்டியா பாக்குற. நீ சொல்லு.

— நான் வண்டியைப் பாக்குறதில்ல. பேப்பரைத்தான் பாக்குறேன்.

— பேப்பர்லயாச்சும் இப்படி ஒண்ணைப் பாத்திருக்கியா?

— ...ஸ்டீயரிங் கைக்கு நல்லா இருக்கு.

— அடேயப்பா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டியே!

— ஸ்டீயரிங்கைத்தான் சொன்னேன்.

— அதுவே போதும். எழுதி மாட்டி வச்சுக்குறேன்.

— ஏலத்துல என்ன போட்டிருந்தாங்க இதுக்கு?

— முன்பக்கம் லேசான அடி. அவ்வளவுதான். ஒரு விளக்கு, ஒரு பம்பர். நாலு போட்டோ.

— நேர்ல பாக்கலையா?

— விட மாட்டாங்களாம். தொடக் கூடாது, ஸ்டார்ட் பண்ணக் கூடாது. போட்டோவைப் பாத்துக் கையைத் தூக்கணும். எடுத்தா எடுத்ததுதான். திருப்பித் தர முடியாது.

— தெரியும்.

— எல்லாம் தெரியும் உனக்கு.

— விளக்கு என்ன விலை சொல்றான்?

— அதைக் கேக்காத.

— சொல்லுடி.

— அத்தான் காரை வித்தா ஒரு விளக்கு வரும். ஒரு பக்கத்துக்கு.

— அவர் காரை எதுக்கு இழுக்குற?

— ஒரு கணக்குக்குச் சொன்னேன்.

— அது பதினோரு வருஷமா ஓடுது. இது ஓடுதா?

— நாலு மணிக்கு ஓடும். கோவிச்சுக்காதக்கா. யானை செத்தாலும் ஆயிரம் பொன்னுன்னு சொல்றார் இவர். பாதி விலை இல்ல, கால் விலைக்குக் கிடைச்சிருக்கு.

— செத்த யானையைப் புதைக்கவும் காசு வேணும். அதை யாரும் பழமொழியில சொல்றதில்ல.

— பாத்தியா? வயித்தெரிச்சல்.

— எனக்கு என்னடி வயித்தெரிச்சல்?

— இல்லாமயா? உன் பொண்ணு நேத்து இதுக்கு முன்னாடி நின்னு இருபது போட்டோ எடுத்துட்டுப் போனா. எங்க சித்தப்பா வண்டின்னு ஊருக்கெல்லாம் அனுப்பினாளாமே.

— எனக்கும் காட்டினா. சாப்பிடும்போது. அவ அப்பாகிட்டயும் காட்டினா.

— அத்தான் என்ன சொன்னார்?

— விடு.

— சொல்லுக்கா. நல்லா இல்லைன்னாரா?

— கையைக் கழுவிட்டு வந்து வாங்கிப் பாத்தார். ஒவ்வொண்ணாப் பாத்தார். "தைரியக்காரிதான் உன் தங்கச்சி"ன்னார்.

— நிஜமாவா? என்னையா?

— உன்னைத்தான். இருபது வருஷமா வீட்டுக்கணக்கு, அவரோட ஆபீஸ் கணக்கு, ரெண்டும் நான்தான் பாக்குறேன். என்னை ஒரு நாள் எதுக்காரின்னும் சொன்னதில்ல.

— ...நீ கெட்டிக்காரின்னு அவருக்குத் தெரியாதா என்ன.

— தெரிஞ்சா சொல்ல மாட்டாங்களா?

— அக்கா... என்ன பண்ற? பெல்ட்டை எதுக்கு இப்படி இழுக்குற?

— போட்டுப் பாக்குறேன்.

— நீ ஒண்ணும் அவ்வளவு குண்டு இல்ல. கடைசி வரைக்கும் இழுக்குற!

— இங்க பாரு.

— என்ன? அழுக்கு.

— கோடு. இது வரைக்கும் ஒரு நிறம். அதுக்கு மேல வேற நிறம்.

— பழசானா அப்படித்தான் இருக்கும்.

— பழசாகிறது கோடு போட்டுட்டா பழசாகும்? நகத்தால சுரண்டு.

— ...மண்ணு.

— சேறு. இப்ப கால்கிட்ட இருக்கிற கார்ப்பெட்டைத் தூக்கு. ஓரமாத் தூக்கு. கார்ப்பெட் புதுசு. அடியில இருக்கிற பஞ்சை அமுக்கு.

— ஈரமா இருக்கே...

— கையை மோந்து பாரு.

— சீ!

— அதான் எலுமிச்சைக்கு அடியில இருந்தது.

— ஷெட்டு ஒழுகியிருக்கும்.

— மழை பெய்ஞ்சு எத்தனை நாள் ஆச்சு? அவருக்குப் போன் போடு. பேட்டரியை மாட்ட வேண்டாம்னு சொல்லு.

— ஏன்?

— தண்ணிக்குள்ள கிடந்த வண்டிடி. ஒயரெல்லாம் பச்சை பூத்திருக்கும். கரண்டு கொடுத்தா எங்கயாவது ஒட்டிக்கிட்டுப் பத்தும். அவர் உள்ள உக்காந்திருப்பார். இந்தக் கதவும் அவசரத்துக்குத் திறக்காது.

— தண்ணின்னு யார் சொன்னா? முன்பக்கம் அடின்னுதானே போட்டிருந்தாங்க?

— அடிபட்டு அங்கேயே நின்னா சரி. அடிபட்டுட்டு வாய்க்காலுக்குள்ள போயிட்டா?

— எந்த வாய்க்கால்?

— உன் போன் எங்கடி?

— அக்கா. எந்த வாய்க்கால்?

— ஏதோ ஒண்ணு. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ முதல்ல போன் போடு.

— ரிங் போகுது... ஹலோ. எங்க இருக்கீங்க?... வாங்கியாச்சா?... இருங்க, இருங்க. அதை மாட்ட வேண்டாமாம். வண்டி தண்ணியில கிடந்திருக்காம்... அக்கா சொல்றா... ஆமா, பக்கத்துலதான் இருக்கா... அதெல்லாம் இல்லைங்க. நானும் பாத்தேன்... பெல்ட்டுல... ஹலோ?

— என்ன சொன்னார்?

— சிரிச்சார்.

— எதுக்கு?

— உங்க அக்கா இன்னிக்குள்ள ஒண்ணு சொல்லுவான்னு காலையிலேயே நினைச்சாராம். பொறாமையில சொல்றா, காதுல போட்டுக்காதன்னார். எலக்ட்ரீசியனையும் கூட்டிக்கிட்டாராம். வந்துட்டே இருக்கேன்னு வச்சுட்டார்.

— மறுபடி போடு.

— எதைச் சொல்லிக்கா போடுறது? பெல்ட்டுல கோடுன்னா மறுபடி சிரிப்பார்.

— சிரிக்கட்டும். போடு.

— எனக்கே நம்பிக்கை வரல. உனக்கு இந்த வண்டி கண்ணுல குத்துதுன்னு எனக்குத் தெரியாதா? வந்ததிலேர்ந்து ஒரு தடவைகூட கலர் நல்லா இருக்குன்னு நீ சொல்லல. மஞ்சள் உனக்குப் பிடிச்ச கலர்.

— கலர் நல்லா இருக்கு. போதுமா? போடு.

— இது ஓடணும்க்கா. நீ என்ன சொன்னாலும் ஓடணும்.

— ஓடலைன்னா உதிரி பாகமா விக்கலாம். லோன்தானே? மெதுவாக் கட்டலாம்.

— லோன் இல்ல.

— லோன்னுதானே என்கிட்ட சொன்ன?

— சொன்னேன். லோன் யாரும் தரல. அடிபட்ட வண்டிக்கு எந்த பேங்க்கும் தராதாம்.

— அப்புறம் எப்படி வாங்கின?

— ...இடத்தை வித்துட்டேன்.

— எந்த இடத்தை?

— எனக்கு எத்தனை இடம் இருக்கு? அப்பா எழுதிவச்சதை. உன்னோடதுக்குப் பக்கத்துல இருக்கே, அதை.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ.

— சொன்னா வாங்குறவனுக்கு ஆயிரம் குறை சொல்லி அனுப்பியிருப்ப.

— மொத்தத்தையுமா?

— கிணத்தோட.

— அடிப் பாவி... மொத்தத்தையும் கொண்டு வந்து இதுக்குள்ளயா போட்ட?

— அதான் சொல்றேன், இது ஓடணும். நாலு மணிக்கு அவர் சாவியைத் திருப்புவார். இது உறுமும். அப்புறம் நீ என்ன வேணா சொல்லிக்கோ.

— திருப்பக் கூடாதுடி. போனைக் கொடு, நான் பேசுறேன்.

— உன் பேரைப் பாத்தா எடுக்கவே மாட்டார். என்னன்னு பேசுவ? கோடு, சேறு, பஞ்சு...

— எங்க ஆபீசுக்கு வந்த வண்டின்னு சொல்லு.

— ...என்ன?

— வாய்க்காலுக்குள்ள தலைகீழாக் கிடந்துச்சு. ரெண்டு நாள். கிரேன் வச்சுத் தூக்கினாங்க. போட்டோ என் மேஜைக்குத்தான் வந்துச்சு. உடைச்சு இரும்புக்குப் போட வேண்டிய வண்டி. கழுவித் துடைச்சு, முன்பக்கம் அடின்னு மட்டும் போட்டு எவனோ ஏலத்துல விட்டிருக்கான். இதைச் சொல்லு. இதுக்குச் சிரிக்க மாட்டார்.

— எப்ப வந்துச்சு உன் மேஜைக்கு?

— போன் போடுடி முதல்ல.

— எப்பக்கா?

— ...நீங்க ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி.

— ஹலோ... ஆமா, நான்தான். எங்க வந்திருந்தாலும் அங்கேயே நில்லுங்க... சிரிக்காதீங்க. அக்கா ஆபீசுக்கு வந்த வண்டியாம் இது. வாய்க்கால்ல ரெண்டு நாள் கிடந்ததாம். போட்டோ பாத்திருக்கா... ஆமா... ஆமா, நிஜம்... தெரியல. நான் கேக்குறேன்... நீங்க முதல்ல வண்டியை ஓரம் கட்டுங்க. அப்புறம் பேசலாம்.

— நின்னுட்டாரா?

— நின்னுட்டார்.

— அப்பாடா.

— எப்படித் தெரியும்னு கேட்டார். முதல்லயே ஏன் சொல்லலைன்னு கேட்டார்.

— நீ என்ன சொன்ன?

— கேட்டதானே. நான் கேக்குறேன்னு சொன்னேன்.

— இங்க பாரு...

— இரு, நான் சொல்லி முடிச்சுடறேன். அவர் இதை எடுக்க வேண்டாம்னுதான் இருந்தார்க்கா. பாக்காம எப்படிடின்னு பயந்தார். நான்தான் போட்டோவை எடுத்துட்டுக் கீழ இறங்கி வந்தேன். நீ அடுப்புக்கு முன்னாடி நின்ன. காட்டினேன். ரொம்ப நேரம் பாத்த. ஒரு வார்த்தை சொல்லாம போனைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கரண்டியை எடுத்துக்கிட்ட. நான் மாடி ஏறி ஓடினேன். எங்க அக்கா ஒரு குறைகூட சொல்லலைங்க, அவ வாயே அடைச்சுப் போச்சு, பொறாமையில பேச்சே வரல, அப்ப இது நிஜமாவே நல்ல வண்டிதான், கண்ணை மூடிட்டு எடுங்கன்னேன். மறுநாளே இடத்துக்கு ஆள் பாத்தோம்... அன்னிக்கு மட்டும் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?