ஏழாவது அமர்வில் நாலு நிமிசம்

இல்லை மிஸ், பை பாரமில்லை, மடியிலயே இருக்கட்டும். நான் கேக்க வந்தது ஒண்டுதான். இராசமலர் அம்மான்ர கேஸை வேற ஆருக்கும் மாத்திவிடுங்கோ. என்னோட படிக்கிற தனுஷா எடுப்பாள். அவளுக்கும் மணித்தியாலம் காணாமல் கிடக்கு.

ஓம், எனக்கும் தேவைதான். உளவளத்துணையில முதுமாணி முடிக்கிறதெண்டால் நூறு மணித்தியாலம் ஆக்களோட இருந்து கதைச்சுக் காட்டவேணும், எனக்கு இன்னும் ஆறு கிடக்கு. இதை விட்டால் பட்டம் அடுத்த வருசம்தான். தெரியும் மிஸ். போகட்டும்.

பஸ் கரைச்சல், கேஸை மாத்துங்கோ எண்டு கடிதத்தில எழுதினது பொய். தர்மபுரத்தில இருந்து கிளிநொச்சிக்கு வாறது எனக்கு ஒரு தூரமே? அந்த அம்மாவிலயும் ஒரு குறை இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாங்கோ எண்டால் ஒம்பதரைக்கே வந்து வாங்கில இருப்பா. மகன்ர படத்தை பிளாஸ்ரிக் கவருக்கை வைச்சுக் கொண்டருவா. பிள்ளைக்கும் ஒரு கதிரை போடுங்கோ எண்டுவா, போடுவன். சுகிர்தன் எண்டு பேர். கடைசிச் சண்டை நேரம் பதினாறு வயசில மாத்தளன்ல கஞ்சிக்கு வரிசையில நிக்கப் போனவன், திரும்பி வரேல்லை. எங்கையோ பிடிச்சு வைச்சிருக்கினம் எண்டு அவா இத்தினை வருசமாத் தேடுறா. முதல் நாள் படத்தைப் பார்க்கவே எங்கையோ கண்ட முகம் மாதிரித்தான் இருந்தது. அந்த நேரம் எத்தினை முகம் கண்டனாங்கள் எண்டு விட்டிட்டன்.

எழும்பிப் போகேக்க ஒவ்வொருமுறையும் ஒரே கேள்விதான் கேப்பா. பிள்ளை பசியோடயோ போனவன் எண்டு. பதில் சொல்லக்கூடாது எண்டெல்லோ நீங்கள் படிப்பிச்சது. அப்பிடி நினைக்கேக்க உங்களுக்கு எப்பிடி இருக்கு அம்மா எண்டு திருப்பிக் கேப்பன். எப்பிடி இருக்கும் பிள்ளை எண்டுவா. எனக்கு வெக்கமாக் கிடக்கும்.

அந்த ஏழாவது அமர்வுக்கு நீங்கள் எழுதினதை வாசிச்சன். நாலு நிமிசம் ஒரு சொல்லும் கதைக்காமல் அவாவை அழவிட்டது பெரிய பக்குவம் எண்டு எழுதியிருக்கிறியள். அவாட்டைக் கேட்டு, வகுப்பிலயும் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினியள். அந்த மார்க்ஸை எடுத்துவிடுங்கோ மிஸ். அது பக்குவம் இல்லை. எனக்கு வாய் வரேல்லை.

அதுக்குக் கொஞ்சம் முதல் அவா என்ன சொன்னவா எண்டு ஞாபகமோ? நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள், சின்னக் கதைதான். வரிசையில பேணி மாறிப்போகும் எண்டு, பால்மாத் தகரப்பேணியின்ர அடியில ஆணியால மகன்ர பேரைக் கீறிக் குடுத்தனான் எண்டவா. இடம் காணாமல் கடைசி எழுத்து விளிம்பில ஏறிப்போச்சு எண்டு சிரிச்சவா. பிறகுதான் அழுதவா.

ஓம், நானும் அப்ப மாத்தளன்லதான். விண்ணப்பத்தில போரால பாதிக்கப்பட்டவரோ எண்டு ஒரு பெட்டி இருந்தது, சரி போட்டனான். அப்ப எனக்குப் பத்து வயசு. அண்டைக்கு அந்த வரிசையில கையில ஒரு பிளாஸ்ரிக் சொப்பிங் பையோட நிண்டனான். அதுக்கை சுடுகஞ்சி வாங்க ஏலுமே? எனக்கு முன்னால நிண்ட அண்ணா திரும்பிப் பார்த்திட்டு, தான் வாங்கின கஞ்சியைப் பேணியோட என்ர கையில தந்தவர். நீ குடிச்சிட்டுப் பேணியைக் கொண்டா, நான் இன்னொருக்கா வரிசையில நிக்கிறன் எண்டவர்.

நான் பங்கருக்கை இருந்து ஆறவிட்டு ஆறவிட்டுக் குடிச்சனான். உப்புக்கூட இல்லை, எண்டாலும் நல்ல ருசி மிஸ். செல் விழுந்து வெடிச்ச சத்தம் கேட்டது. எல்லா நாளும் கேக்கிறதுதானே. மிச்சத்தையும் விரலால வழிச்சு நக்கிப்போட்டு, பேணியைக் குடுப்பம் எண்டு வந்தன். வரிசை இல்லை. அவர் கிடந்தவர். முகத்துக்கு மட்டும் ஒண்டும் ஆகேல்லை.

இப்ப அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். பசியோடதான் அம்மா, அவன்ர கஞ்சியைக் குடிச்சது நான் எண்டு சொல்லுறதோ? சொன்னால் அவா தேடுறதை விட்டிடுவா. அதையும் விட்டால் அவாவுக்கு என்ன இருக்கு? சொல்லாமல் எந்த முகத்தோட நான் அவாவுக்கு முன்னால இருந்து தலையாட்டுறது?

இல்லை மிஸ், வேற பெடியனா இருக்கலாம் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. பிறகு செட்டிகுளம் அகதி முகாமிலயும் அந்தப் பேணியிலதான் தண்ணி கொதிக்க வைச்சுக் குடிச்சனாங்கள், அடி முழுக்கக் கரி. எங்கட அம்மா இப்பவும் குசினியில அதிலதான் சீனி போட்டு வைச்சிருக்கிறவா. காலமை சீனியை ஒரு போத்திலுக்கை கொட்டிப்போட்டு, தேங்காய்ப் பொச்சால நல்லா உரஞ்சிக் கழுவிக் கொண்டந்தனான். பொறுங்கோ, பையைத் திறக்கிறன். இந்தாங்கோ, அடியைத் திருப்பிப் பாருங்கோ. கடைசி எழுத்து விளிம்பில ஏறிக் கிடக்கு.