கவிழ்த்த சட்டியும் காணாமல் போன கோழியும்

என்னைத் தெருவில் கோழிக்காரி என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தாறு. ரொட்டிக்கடைக்குப் பின்னால், நடுவில் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்த வீட்டின் கிழக்குப் பாதியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். மேற்குப் பாதியில் என் கொழுந்தனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அந்த மனைவிதான், அதாவது என் ஓரகத்திதான், என்மேல் புகார் கொடுத்தவள். 'கொடுத்தவர்' என்று எழுதட்டுமா என்று காவலர் கேட்டார். அவளுக்கு அந்த 'ர்' தேவையில்லை என்று சொன்னேன்.

புகாரைப் படித்துக் காட்டினார்கள். நான் கறியில் விஷம் கலந்தேன், கத்தியோடு அவள் வீட்டுக்குள் புகுந்து சட்டியைக் கவிழ்த்தேன், அவள் வளர்த்த கோழியைத் திருடினேன் என்று அதில் இருக்கிறது. விஷம் என்று எழுதியிருப்பதால் நான் சிறைக்குப் போக வேண்டி வரலாம் என்றும் சொன்னார்கள். விஷம் என்பது பொய். சட்டியைக் கவிழ்த்தது உண்மை. கோழியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், நடுவில் குறுக்கே கேட்க வேண்டாம்.

நான் வீட்டுக் கொல்லையில் கறிக்கோழி வளர்த்து, நானே அறுத்துச் சுத்தம் செய்து கொடுக்கிறேன். பெட்டியில் குஞ்சுகளை வாங்கி, பல்புச் சூட்டில் வைத்துத் தேற்றி, ஒன்றரை மாதத்தில் அறுத்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் தன் கனத்தைத் தானே தாங்காமல் காலை மடக்கி உட்கார்ந்துவிடும். கொல்லை இரண்டு பாதிக்கும் பொது என்பதால், அறுக்கும் நாளில் ஒரு கோழி அந்தப் பாதிக்குப் போக வேண்டும் என்பது மாமியார் உயிரோடிருந்தபோது ஏற்பட்ட பேச்சு. நானும் அவளும் பேச்சை நிறுத்திய பிறகும் அந்தக் கோழி நிற்கவில்லை. கொல்லையில் நாற்றம் என்று சுகாதார அலுவலகத்துக்கு எழுதிப் போட்டவள் அவள்தான். அதே கோழி சட்டிக்குள் போய்விட்டால் மட்டும் அவளுக்கு மணக்கும்.

இந்த முறை குஞ்சுப்பெட்டி வந்த அன்று அவள் கொல்லைக்கு வந்து, ஒரு குஞ்சை எடுத்து, அதன் காலில் சிவப்பு நூலைக் கட்டினாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருக்க, என் கணவரைப் பார்த்து, "இது என்னோடது மாமா. இதுல கை வைக்கக் கூடாதுன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாள். அவர் திரும்பி என்னிடம் அதையே ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். எனக்குக் காது கேட்கும் என்று அவரிடமே சொல்லியனுப்பினேன்.

அதன் பிறகு அந்தக் குஞ்சு இரவில் என் கொட்டகையிலும் பகலில் அவள் மடியிலும் வளர்ந்தது. அவள் அதைப் பாப்பா என்று கூப்பிட்டாள். நான் மகாராணி என்று கூப்பிட்டேன். தீனி என் வீட்டுத் தீனி, கொஞ்சல் அவள் வீட்டுக் கொஞ்சல். அவளுக்குப் பிள்ளை இல்லை. எத்தனையோ சண்டையில் நான் அதை வாயில் எடுத்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அறுப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவள் தாய்வீடு போனாள். மறுநாள் காலை தீனி வைக்கப் போனபோது மகாராணி எழுந்து வரவில்லை. தூக்கிப் பார்த்தேன். குஞ்சுக் காலில் கட்டிய நூலை அவள் ஒருமுறைகூடத் தளர்த்தவில்லை. கறிக்கோழியின் கால் வாரத்துக்கு வாரம் பருக்கும். நூல் சதைக்குள் இறங்கி, அதற்கு மேலே முட்டி வீங்கித் தொடைவரை கருத்திருந்தது. மடியில் வைத்துக் கொஞ்சுகிறவள் முகத்தைப் பார்ப்பாள், காலையா பார்ப்பாள். நகவெட்டியால் நூலை வெட்டி எடுத்து, மஞ்சள் குழைத்துப் பூசினேன். இரக்கப்பட்டா என்று காவலர் கேட்டார். கண் முன்னால் ஒரு கோழி கால் அழுகினால் எனக்குப் பொறுக்காது, அது யார் கோழியாக இருந்தாலும் சரி.

கோழிகள் ரத்தம் கண்ட இடத்தையே கொத்தும். அதனால் அதைத் தனியாக எடுத்து மூங்கில் கூண்டில் விட்டேன். என் வீட்டில் தனிக்கூண்டு அது ஒன்றுதான். அறுக்கிற கோழிகளை முந்தின மாலை தீனியில்லாமல் அடைப்பதும் அதே கூண்டில்தான். மாலைக்குள் திருப்பி எடுத்துவிடலாம் என்று இருந்தேன். மாலையில் நான் மறுநாள் கறி உண்டு என்று கடைகளுக்குச் சொல்லிவிட்டு வரப் போன நேரத்தில் என் கணவர் கோழிகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டார். அவருக்குச் சிவப்பு நூல் இருந்தால் மகாராணி, இல்லாவிட்டால் கறி. நூலை வெட்டியதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவள் கோழிக்கு நான் வைத்தியம் பார்த்தேன் என்று தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நான் வந்து கொட்டகையை எட்டிப் பார்த்தேன். மூலையில் ஒரு கோழி காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. வீங்கின காலைப் பார்த்து அவரே மகாராணியைக் கொட்டகையில் திருப்பி விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே கொண்டை. அது கனம் தாங்காமல் கால் மடங்கின வேறொரு கோழி என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் விடியுமுன் இருட்டிலேயே வழக்கப்படி கூண்டில் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, புனலில் தலைகீழாக இறக்கி அறுத்தேன். அதில் ஒன்று கையில் எடுத்தபோது படபடக்கவில்லை, என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்தது. சில கோழி அப்படியும் இருக்கும் என்று அறுத்துவிட்டேன். அதன் பிறகு வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, கால்களை முட்டியில் வெட்டி வாளியில் போட்டு, உடல்களை அண்டாத் தண்ணீரில் போட்டேன்.

அதன் பிறகு என் கொழுந்தன் பாத்திரத்தோடு வந்தார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர், ஆனால் கோழி பொறுக்கும்போது மட்டும் கண் திறந்துகொள்ளும். "அவ மத்தியானம் வந்துடுவா அண்ணி, நானே சமைச்சு வைக்கலாம்னு இருக்கேன்" என்று, இருந்ததில் பெரியதைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார். தொடையில் கருத்திருக்கிறதே என்று கேட்டார். எங்காவது இடித்திருக்கும், அந்த இடத்தை அரிந்து எறியுங்கள் என்று நானே சொன்னேன். கை வேலையாக இருந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் எல்லாக் கறியையும் கழுவி வைத்துவிட்டுக் கடைசியாகக் கால்களின் தோலை உரிக்க உட்கார்ந்தேன். அதில் ஒரு காலைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் பள்ளம் இருந்தது. பள்ளத்துக்குள் சிவப்பு இழை ஒன்று ஒட்டியிருந்தது. கொழுந்தன் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கறி கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து ஓடினேன். கையில் கத்தி இருந்தது நினைவில் இல்லை. பின்கதவு வழியாக அவள் சமையலறைக்குள் போனேன். கொழுந்தன் அடுப்பருகே நின்றிருந்தார். அவள் ஊரிலிருந்து வந்த சேலையைக்கூட மாற்றாமல் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னது, "அதத் திங்காத." அவள் சொன்னது, "ஏன், விஷம் வச்சிருக்கியா?" பேச்சை நிறுத்திய இத்தனை வருடத்தில் நாங்கள் நேருக்கு நேர் பேசியது அப்போதுதான்.

சொல்லிவிடத்தான் போனேன். அப்போது அவள் தட்டைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு தொடை எலும்பு கிடந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவள் தொடையைத்தான் முதலில் எடுப்பாள். எலும்பில் ஒரு பொட்டுச் சதை இல்லை. தின்று முடித்தவளிடம் அது பாப்பா என்று சொல்வதா. "நான் வளத்தத நீ எதுக்குடி திங்கணும்" என்று சொல்லி, சட்டியை இழுத்து முற்றத்தில் கவிழ்த்தேன். அதைத் தின்ற தெருநாய் இன்று காலையும் என் வாசலில் வாலாட்டியது, விஷம் இருந்ததா என்று அதைக் கேட்டுக்கொள்ளவும்.

அதன் பிறகு அவள் கை கழுவிவிட்டுக் கொல்லைக்குப் போய், கொட்டகை முழுக்கப் "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டாள். நான் என் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் காவலர் வந்தார்.

இதையெல்லாம் அவளிடமே சொன்னால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று அதிகாரி சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவளோடு சண்டை போட எனக்கு ஆயிரம் இருக்கிறது, இது வேண்டாம். கத்தியோடு போனதையும் சட்டியைக் கவிழ்த்ததையும் ஒப்புக்கொள்கிறேன். கோழியை நான் திருடி, பெயர் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டதாக அவளிடம் சொல்லவும். விற்றேன் என்றால் எங்கேயோ ஒரு கொட்டகையில் தின்றுகொண்டு கிடக்கும் என்று நினைத்து, என்னைத் திட்டிக்கொண்டு சாப்பிடுவாள். உண்மை தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

மேலே உள்ளது முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. கடைசியில் சொல்லச் சொன்ன திருட்டு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உண்மை. அவளுக்கு அந்தத் திருட்டை மட்டும் வாசித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
(கையெழுத்து)